சிங்கிள் கிளட்ச் டிராக்டரில் பழைய ரோட்டரி சிலாஷர்: கிளட்ச் மிதித்தும் வண்டி நிற்கவில்லை

ஆனைமலை தோப்பு:
வணக்கம். தாத்தா காலத்து 35 ஹெச்.பி. டிராக்டர், சிங்கிள் கிளட்ச். தென்னந்தோப்பில் களை வெட்ட, பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகையில் பல வருடம் சும்மா கிடந்த சிலாஷரை வாங்கி மாட்டியிருக்கிறேன். நன்றாக வெட்டுகிறது. ஆனால் வரிசை முடிவில் கிளட்ச்சை முழுசாக மிதித்தாலும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. நேற்று கம்பி வேலியில் மோதித்தான் நின்றது. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்கிறார்கள். சிலாஷரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. அப்புறம், கருவியைத் தூக்கும்போது வண்டியையும் கருவியையும் இணைக்கும் ஷாஃப்டில் தடதடவென்று சத்தம்.

உடுமலை மெக்கானிக்:
தம்பி, கிளட்ச்சைப் பிரிக்க வேண்டாம். உங்கள் வண்டியில் பி.டி.ஓ.வுக்கும் (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு) சக்கரத்துக்கும் ஒரே கிளட்ச். மிதித்தால் எஞ்சின் மட்டும்தான் விலகும். சுற்றிக்கொண்டிருக்கும் கனமான பிளேடு, ஷாஃப்ட் வழியாக கியர் பாக்ஸைத் திருப்பிச் சுற்றி சக்கரத்தை உருட்டுகிறது. 1939 முதல் 1952 வரை அமெரிக்காவில் வந்த ஃபோர்டு 9என், 2என், 8என் வண்டிகளிலும் இதே தொல்லை உண்டு.

ஓவர்ரன்னிங் கப்ளிங் வாங்கி பி.டி.ஓ. முனையில் மாட்டுங்கள். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம்தான் இழுக்கும். முனையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்: 6 பல், 1 3/8 அங்குலம் என்பது வழக்கமான அளவு; சில பழைய வண்டிகளில் 1 1/8 இருக்கும். அதை மாட்டும் வரை தயவுசெய்து ஓட்டாதீர்கள், ஆள் நடமாடுகிற தோப்பு.

கப்ளிங் போட்டால் நீளம் கூடும். கருவியை மெதுவாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்; அது மிகக் குறுகும் நிலையிலும் குழாய்க்குள் 2–3 செ.மீ. இடம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு குழாயையும் சம அளவு அறுங்கள். அப்படியே மாட்டினால் பி.டி.ஓ. பேரிங் போய்விடும்.

காங்கேயம் விவசாயி:
சத்தத்துக்கு நான் சொல்கிறேன். ஷாஃப்டைப் பிரித்து மாட்டியவர்கள் யோக்கை (மூட்டில் இருக்கும் கவை மாதிரியான துண்டு) மாற்றிப் போட்டிருக்கலாம். உள்பக்கத்து யோக் இரண்டும் ஒரே நேராக நிற்க வேண்டும். உயரமாகத் தூக்குவதற்கு முன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். ஸ்லிப் கிளட்ச் (பளு மிஞ்சினால் வழுக்கிக் கருவியைக் காப்பது) இருந்தால் அதையும் பாருங்கண்ணா, கிடந்த கருவியில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கல்லில் அடிபட்டால் வழுக்காது, கியர் பாக்ஸ்தான் உடையும்.

ஆனைமலை தோப்பு:
யோக் குறுக்காகத்தான் இருந்தது, நேராக்கியாயிற்று. முனை 1 3/8. கப்ளிங்குக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்லிப் கிளட்ச் இருக்கிறது; ஒட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உடுமலை மெக்கானிக்:
முதலில் ஸ்பிரிங் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நட்டுகளை ஒரே அளவு தளர்த்தி, தட்டுகளின் குறுக்கே சாக்பீஸில் ஒரு கோடு போடுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாமல் சில விநாடி பி.டி.ஓ. ஓட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் வழுக்குகிறது. பழைய நீளத்துக்கே இறுக்கிவிடலாம். விலகாவிட்டால் பிரித்து, துருவைத் தேய்த்துத்தான் மாட்ட வேண்டும். தட்டுகளுக்கு நடுவே உராயும் லைனிங்கில் எண்ணெய் மட்டும் படக்கூடாது.