புதுப்பிப்பு: பனங்குருத்து டிஎன்ஏ அளவீடு, ஒளிர்சாயத்தால் அளந்த பிறகு

திருநெல்வேலிச் சீமையின் தேரிப் (செம்மணல் மேட்டுப்) பனைகளிலிருந்து எடுத்த குருத்தோலையில் பிரித்த டிஎன்ஏ, 260 நானோமீட்டர் அலைநீள ஒளியின் உறிஞ்சலில் ஏராளமாகத் தெரிந்தும், பிசிஆர் முறையில் அதைப் பெருக்கி ஜெல்லில் ஓட்டினால் பட்டை ஏன் மங்கலாக வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் பரிந்துரைத்தபடி பிகோகிரீன் என்னும் ஒளிர்சாயத்தால் அதே மாதிரிகளை அளந்தோம். கிடைத்த அளவு மிகவும் குறைவு.

ஆர்என்ஏ, தனி நியூக்ளியோடைடுகள், ஃபீனால் ஆகியவையும் 260-இல் ஒளியை உறிஞ்சுவதால், ஓர் அலகு உறிஞ்சலுக்கு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்னும் கணக்கு அவற்றையும் டிஎன்ஏவாகவே எண்ணிவிடுகிறது. பிகோகிரீனோ டிஎன்ஏவின் இரட்டை இழையோடு பிணைந்தால்தான், 480 நானோமீட்டருக்கு அருகிலுள்ள ஒளியால் தூண்டப்பட்டு, 520 நானோமீட்டருக்கு அருகில் வலுவாக ஒளிரும். ஆர்என்ஏவை ஆர்என்ஏஸ் நொதியால் சிதைத்து, டிஎன்ஏவை எத்தனாலில் மீண்டும் வீழ்படிவாக்கிய பின் இரு அளவுகளும் நெருங்கி வந்தன. சிதைந்த துணுக்குகள் கரைசலில் தங்கினால் அவையும் உறிஞ்சும் என்பதால், வீழ்படிவாக்கலைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஹோக்ஸ்ட் 33258 என்னும் இன்னோர் ஒளிர்சாயம் போதாதா என்று கேட்ட நண்பருக்கு: அது அடினின், தைமின் மிகுந்த பகுதிகளையே விரும்பிப் பற்றுவதால், அளவு தெரிந்த ஒப்பீட்டு டிஎன்ஏவின் காரக் கலவையும் (அடினின், தைமின் முதலியவற்றின் விகிதமும்) மாதிரியுடையதும் ஒத்திருக்க வேண்டும், பனைக்கு அப்படியொன்று எங்களிடம் இல்லை.

வெப்பம் கூடினால் ஒளிர்வு குறையும். ஆகவே நம் ஊர்க் கோடையில் ஒப்பீட்டுக் கரைசல்களையும் மாதிரிகளையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் படாமல் வைத்து, ஒரே தொகுதியாக அளப்பது இன்றியமையாதது. சாயம் தூய்மையைச் சொல்லாது. பிசிஆரைத் தடுக்கும் பாலிசாக்கரைடுகளை (சர்க்கரைச் சங்கிலிகளை) நீக்கும் வேலை இன்னும் நடக்கிறது.