பிளாஷ் போட்டும் இறக்கை புகையாக விழுகிறது, உதவுங்கள்

அல்சூர்வாசி:
எங்கள் மொட்டை மாடி பென்டாஸ் பூவுக்குக் காலை ஏழு மணிவாக்கில் ஒரு பூச்சி வருகிறது. பச்சை உடம்பு, கண்ணாடி இறக்கை. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கிறது. அம்மா அதைத் தேன்சிட்டு என்கிறார். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் 1/2000 வினாடி, அதிவேக சிங்க்கில் (வேகமான ஷட்டரிலும் பிளாஷ் எரியவிடும் முறை) பிளாஷ். இவ்வளவு செய்தும் இறக்கை வெறும் புகை. லென்ஸ் ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விடுகிறது.

மடிவாளாக்காரன்:
ஷட்டரை 1/4000 வைங்க, சரியாகிடும்.

ஹெப்பால் ஏரிக்கரை:
ஆகாது தம்பி. தப்பே அந்த அதிவேக சிங்க்தான். அதில் பிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல், ஷட்டர் இடுக்கு சென்சாரைக் கடந்து முடியும்வரை விட்டுவிட்டுத் துடிக்கும். தொடர்ந்து எரியும் விளக்கு மாதிரிதான். அதை அணைத்துவிட்டு ஷட்டர் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200 வையுங்கள். பிளாஷை மேனுவலில் முழுச் சக்தியில் 1/16 பங்குக்கு இறக்குங்கள். சக்தியைக் குறைத்தால் பிளாஷ் எரியும் நேரம்தான் சுருங்குகிறது. முழுச் சக்தியில் ஏறக்குறைய 1/900 வினாடி எரிவது, 1/16இல் 1/10,000 வினாடி அளவுக்கு வந்துவிடும். இறக்கையை நிறுத்துவது அதுதான், ஷட்டர் இல்லை. வெயில் மாடிக்கு ஏறுமுன் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் படம் வெளுத்துப்போகும்.

ஆட்டோ ஃபோகஸை மறந்துவிடுங்கள். ஃபோகஸ் தூரத்தைப் பூட்டிவிட்டு, நீங்கள் முன்னே பின்னே சாய்ந்து பிடியுங்கள். 1:1 (பூச்சி அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் நெருக்கம்) ஆசை வேண்டாம், தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

பூச்சி காபி அந்துப்பூச்சி, செபனோடஸ் ஹைலஸ். கூட்டை விட்டு வரும்போது இறக்கையில் செதில் இருக்கும். முதல் பறத்தலிலேயே உதிர்ந்து கண்ணாடியாகிவிடும்.

அல்சூர்வாசி:
அண்ணா, இறக்கை நரம்பு வரை தெரிகிறது! ஆனால் பின்னணி நடுராத்திரி மாதிரி கறுப்பு.

ஹெப்பால் ஏரிக்கரை:
தூரம் இரட்டித்தால் பிளாஷ் வெளிச்சம் கால் பங்குதான் மிஞ்சும். பூவுக்குப் பின்னால் ஓர் அடியில் இன்னொரு செடியை நகர்த்தி வையுங்கள்.

அல்சூர்வாசி:
கறிவேப்பிலைத் தொட்டியை வைத்தேன், பின்னணி பச்சையாகிவிட்டது. நாற்பதில் மூன்று தேறின. படத்தைக் காட்டியும் அம்மா தேன்சிட்டு என்றே சொல்கிறார். அப்புறம் இன்னொன்று: கார்டீனியா இலையை ஒரு பச்சைப் புழு மொட்டையடிக்கிறது, வாலில் ஒரு கொம்பு. மருந்து அடிக்கட்டுமா?

ஹெப்பால் ஏரிக்கரை:
ஐயோ, அடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதே அந்துப்பூச்சியின் புழுதான்.