கலைச்சொல்: 'ஹிகெதேயா'வுக்கு 'அடைக்கலம்' போதுமா?

அன்பின் குழுவினருக்கு,

கிரேக்கத் துன்பியல் குறிப்புகளில் 'ஹிகெதேயா' (மன்றாடி வேண்டும் சடங்கு), 'அசுலியா' (புனித இடத்தில் இருப்பவரைப் பறித்துச் செல்லலாகாது என்ற காப்பு) இரண்டையும் 'அடைக்கலம்' என்றே எழுதி வருகிறோம். எஸ்கிலசின் 'ஹிகெதிதெஸ்' (மன்றாடும் மகளிர்) நாடகத்தில் இது உறுத்தாது. கட்டாயத் திருமணத்துக்குத் தப்பி ஓடிவந்த தனாவுசின் மகளிர் வெண்கம்பளி சுற்றிய கிளைகளை இடக்கையில் ஏந்தி ஆர்கோஸ் நகரில் கேட்பது இருக்க இடம்தான். 'ஹிகெதேயா'வின் வேரும் 'வந்துசேர்தல்'; நம் 'அடை'யோடு நன்றாக ஒட்டுகிறது.

அதே பெயரில் யூரிப்பிடிஸ் எழுதிய நாடகத்தில்தான் சிக்கல். எலூசிஸ் என்ற ஊரில் தாய்மார் கேட்பது போரில் மாண்ட மகன்களின் பிணங்களை. அவரது 'மெடியா'வில், நாடு கடத்தப்படும் மெடியா மன்னன் கிரியோனிடம் மன்றாடிப் பெறுவது ஒரே ஒரு நாள். இங்கே அடைக்கலம் எங்கே இருக்கிறது?

என் முன்மொழிவு: பற்றிவேண்டல். முழங்கால், மோவாய், கை, பலிபீடம் என எதையாவது பற்றினால்தான் வேண்டுதல் எதிராளியைக் கட்டும். யூரிப்பிடிசின் 'ஹெக்கபே'யில், பொலிக்சேனாவைப் பலிக்கு அழைத்துப்போக வந்த ஒடிசியஸ் வலக்கையை ஆடைக்குள் மறைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வது, அவள் தொட்டுவிடக் கூடாதே என்றுதான்.

---

> எதையாவது பற்றினால்தான்

எலூசிசில் தாய்மார் ஏதென்ஸ் மன்னன் தெசியசின் தாய் ஏத்ராவைக் கிளைகளால் சூழ்ந்து நிற்கிறார்களே, அது பற்றலா? ஆம் என்பேன், கிளை கையின் நீட்சி. ஏத்ராவே அதைக் 'கட்டில்லாக் கட்டு' என்கிறாள்.

'அசுலியா' வேறு. அதன் வேர் 'பறித்தல்', முன்னே எதிர்மறை. அகராதி பார்த்துத் 'தீண்டாமை' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்! மதுவிலக்கு போலப் 'பறிப்புவிலக்கு' எனலாம். இச்சொல் வந்தால் வில்லன்களின் தந்திரமும் புரியும். 'அந்திரோமகே' நாடகத்தில் மெனலாவுஸ், அடிமையான அந்திரோமகேயைத் தெதிஸ் தேவியின் கோயிலிலிருந்து இழுக்கவில்லை. அவள் மகனைக் கொல்வேன் என்று மிரட்டி, தானே இறங்கி வரவைக்கிறான். 'ஹெராக்ளிஸ்' நாடகத்துக் கொடுங்கோலன் லைக்கோஸ், ஹெராக்ளிசின் குடும்பம் தஞ்சமிருக்கும் பீடத்தைச் சுற்றி விறகு அடுக்கச் சொல்கிறான். கை வைத்தால்தானே பறிப்பு?

---

இரண்டும் சரி. ஆனால் 'அடைக்கலம்' என்பதைத் தூக்கிப் போடாதீர்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி யார் காலையும் பற்றவில்லை. கவுந்தி ஒப்படைக்கிறார், மாதரி பொறுப்பேற்கிறாள். ஆகவே ஏற்பவர் பக்கத்துக்கு அச்சொல்லை வைப்போம். ஆர்கோஸ் மக்கள் கைதூக்கித் தீர்மானித்த பிறகு தனாவுசின் மகளிர் பெறுவதே அடைக்கலம். அதுவரை பற்றிவேண்டல் மட்டுமே.

வேண்டும் ஆளைக் குறிக்கப் 'பற்றிவேண்டுநர்' நீளம். 'பற்றுநர்' என்றால் பக்தர் போல ஒலிக்கிறது. கிளைக்கு 'வேண்டற்கிளை' ஆகுமா?