புதுப்பிப்பு: வீடியோ பாடம் பார்த்த நேரமும் மதிப்பெண்ணும்

போன மாதம் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இணையவழிப் பாடங்களில் அதிக நேரம் இருந்த மாணவர்கள் தேர்வில் ஏன் அதிக மதிப்பெண் வாங்கவில்லை என்று, ஆய்வேட்டுத் தரவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எழுதியது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மாணவர் எப்போது எதைத் திறந்தார், எங்கே கிளிக் செய்தார் என்று பாடத்தளம் பதிந்துவைக்கும் பதிவுக் கோப்பை வரிவரியாகப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். ஒரு மாணவியின் கணக்கில் ஒரே வீடியோ மூன்று மணி நேரம் திறந்திருக்கிறது, ஆனால் முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒரு கிளிக் கூட இல்லை. கேட்டால், வேலைக்குப் போய்விட்டு வந்த அசதியில் அப்படியே தூங்கிவிட்டேன் என்றார். இதைத்தான் நான் 'கற்ற நேரம்' என்று கூட்டி வைத்திருந்தேன், மனசு கஷ்டமாகிவிட்டது. சரி, அந்த அளவீட்டைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம், 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் நினைவாற்றல் பற்றி வெளியிட்ட சோதனையைப் படித்தேன். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 42 சதவீதம்தான், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 சதவீதம். அதனால் இனி வீடியோ நடுவே வரும் சிறு வினாக்களுக்குப் பதில் எழுதினார்களா என்பதைத்தான் அளவீடாக எடுக்கப்போகிறேன். நன்றாகப் படிப்பவர்கள்தான் அதற்கும் பதில் எழுதுவார்கள் என்ற சிக்கல் இதிலும் உண்டு, ஆகவே முந்தைய பருவ மதிப்பெண்ணையும் சேர்த்தே கணக்கிடுகிறேன்.