மதுரை டு ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில்: சைக்கிளில் ஒரே சுற்றாகப் போக முடியுமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மார்கழியில் ஆரியங்காவு திருக்கல்யாணத்துக்குப் போகிறேன், சைக்கிளில்.

எங்களுடையது சௌராஷ்டிரக் குடும்பம். ஆரியங்காவு ஐயப்பனுக்கு நாங்கள் பெண் வீட்டார். துணி விற்கத் திருவிதாங்கூர் போன வியாபாரி மகளைக் கோயில் பூசாரி வீட்டில் விட்டுவிட்டுப் போனதும், காட்டில் யானையிடமிருந்து அவரை ஒரு வேடன் காப்பாற்றியதும், பிறகு அந்தப் பெண் புஷ்கலையாக சாமியோடு சேர்ந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தாத்தா சம்பந்தி முறைக்கு வருஷம் தவறாமல் போவார். திரும்பி வந்தால் மூன்று நாளைக்கு அவரை யாரும் எதிர்த்துப் பேச முடியாது, "நான் ஐயப்பனுக்கே சம்பந்தி" என்பார். அவர் போனது மீட்டர்கேஜ் ரயிலில். போன வருஷம் தவறிவிட்டார். அப்பாவுக்கு முட்டி வலி. அதனால் இந்த முறை நான்.

மாலை போட்டிருக்கிறேன். வண்டி பின்னால் ஏழு கியர், முன்னால் ஒன்றே ஒன்று. ரிம் பிரேக். கேரியரில் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். மேப்பில் பார்த்தால் செங்கோட்டை, அச்சன்கோவில், அங்கிருந்து காட்டு வழியே அலிமுக்கு, புனலூர், தென்மலை, குளத்துப்புழை, ஆரியங்காவு, மறுபடி செங்கோட்டை என்று அழகாக ஒரு வட்டம் கிடைக்கிறது. தனியாகத்தான் போகிறேன். இது முடியுமா? ஏற்றம் எப்படி? மலையாளம் சுத்தமாகத் தெரியாது.

சாரல்:

தம்பி, மொதல்ல அந்த மேப்ப மூடுங்க. அதுல வட்டமாத்தான் தெரியும்.

நான் தென்காசி. அந்த ரோட்டுல இருபது வருசத்துக்கு மேல லாரி ஓட்டுனேன். இப்ப டாக்டர் சுகர்னு சொன்ன பொறகு அதே ரோட்டுல சைக்கிள் மிதிக்கேன். ரெண்டு சீட்டுலயும் உக்காந்து பாத்தவன் சொல்றதக் கேளுங்க.

எங்க ஊர்ல காத்துதான் முதலாளி. ஆனி, ஆடியில கணவாய் வழியா மேக்கருந்து அடிக்கிற காத்துல செங்கோட்டையிலருந்து புளியரை போறதுக்குள்ள நெஞ்சு அடைச்சுரும். கெழக்கால காத்தாடியா நட்டு வச்சிருக்கானே, சும்மாவா? மார்கழியில அது அப்பிடியே திரும்பிரும். வாடைக்காத்து முதுகுல கை வச்சுத் தள்ளும். மதுரையிலருந்து வரும்போது சொகமா இருக்கும், திரும்பிப் போகும்போது வட்டியோட வாங்கிரும். அதனால வர்றதுக்கு ரெண்டு நாள் வச்சா, போறதுக்கு ரெண்டரை வைங்க. மொத நாள் ராஜபாளையத்துல படுங்க. மறுநாள் சுமார் அறுபத்தஞ்சு கிலோமீட்டர், புளியங்குடி, கடையநல்லூர் வழியா மத்தியானத்துக்குள்ள செங்கோட்டை. இடது கைப்பக்கம் வயக்காடு, வலது கைப்பக்கம் மலை கூடவே வரும்.

ஏத்தத்தப் பத்திக் கேட்டீங்க. ஆரியங்காவு கணவாய் உசரம் கம்மி. கொடைக்கானல் மாதிரி நெனச்சுப் பயப்படாண்டாம். புளியரை தாண்டி எஸ் வளைவு, அதுக்கு மேல கோட்டைவாசல், அவ்வளவுதான். கஷ்டம் ஏத்தத்துல இல்ல, லாரியில. ஜல்லியும் எம்சாண்டும் ராவும் பகலும் கேரளாவுக்குப் போகுது. லோடு வண்டி இடது வளைவுல ஏறும்போது பின் சக்கரம் உள்ளுக்கு வெட்டும். நீங்க நல்லபிள்ளையா ஒதுங்கி நிக்கிற அந்த இடது ஓரந்தான் அதுக்கும் வேணும். டிரைவருக்கு அங்க நீங்க இருக்கதே தெரியாது, கண்ணாடியில விழ மாட்டீங்க. வளைவுக்கு முன்னாடியே பின்னால உறுமல் கேட்டா இறங்குங்க. ரோட்ட விட்டுட்டு மண்ணுல நில்லுங்க. வண்டி போனதும் ஏறிக்கலாம், மானம் ஒண்ணும் போயிராது. இறங்கும்போது வேற ஆபத்து. படுதா சரியா மூடாத லாரி சிந்துன ஜல்லி வளைவுல உருண்டு கெடக்கும், அதுமேல பிரேக்கப் புடிச்சா வண்டி தனியா நீங்க தனியா.

சீசன் வேற. விடியக்காலம் மூணுலருந்து ஆறு வரை அந்த ரோட்டுல நிக்கவே கூடாது. சாமிமார் வேன் ஓட்டிட்டு வர்ற டிரைவர் ரெண்டு ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். கண்ணசந்தவன் எத்தன பேருன்னு எனக்குத் தெரியும். ஒருநாள் நானும் அசந்தவந்தான்.

இப்ப அந்த வட்டம். அச்சன்கோவில்லருந்து அலிமுக்கு நாப்பது கிலோமீட்டர் கிட்ட வரும், முக்காவாசி காடு. நடுவுல பஞ்சர் ஆனா உக்காந்து ஒட்டுறதுக்கு ஆனைகிட்டத்தான் பெர்மிஷன் கேக்கணும். தனி ஆளா போகாதீங்க. அச்சன்கோவிலுக்கு செங்கோட்டையிலருந்தே போயிட்டு அதே வழியா வாங்க. பண்பொழி, அங்க திருமலை முருகன், அப்புறம் மேக்கரை, அடவிநயினார் அணை. அதுவரைக்கும் வயலும் தென்னையும். அதத் தாண்டுனா ஏத்தம் ஆரம்பிக்கும், இங்கதான் உங்க ஒத்த கியர் அழும். போக சுமார் முப்பது கிலோமீட்டர். காலைல வெளிச்சம் நல்லா வந்த பொறகு ஏறுங்க, மூணு மணிக்கெல்லாம் மேக்கரைக்கு இறங்கிரணும். செக்போஸ்ட்ல ஆனை நடமாட்டம் எப்பிடின்னு கேக்காம போகாதீங்க. ரோட்டுல ஆனை லத்தி கெடக்கும். காஞ்சு உதிர்ந்து கெடந்தா போய்க்கிட்டே இருங்க. பச்சையா ஆவி பறந்துச்சுன்னா, பக்கத்துல மூங்கில் முறியுற சத்தமும் கேட்டுச்சுன்னா, திருப்புங்க. போட்டோ எடுக்காண்டாம்.

இன்னொண்ணு. குளத்துப்புழையில சாமி பச்சப்பிள்ள. ஆரியங்காவுல வாலிபன். அச்சன்கோவில்ல பூரணை, புஷ்கலையோட குடும்பஸ்தன். அந்த வரிசையிலயே பாருங்களேன். ஆரியங்காவத் தாண்டி நேரா குளத்துப்புழை போய்ப் படுங்க, மறுநாள் கல்யாணத்துக்குத் திரும்பி வாங்க, கடேசியா அச்சன்கோவில். ரோட்டுக்கும் அதுதான் தோது.

பேட்ச் பெட்டி:

வண்டி பற்றி மட்டும். ஏழு கியர் ஃப்ரீவீல் என்றால் பின்னால் 34 பல் உள்ள செட் கிடைக்கிறது. கியர் மாற்றும் டிரெய்லியர் அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டு மாற்றிவிடுங்கள், மேக்கரை ஏற்றத்தில் முட்டிக்கு நல்லது. பிரேக் கட்டை புதுசாகப் போடுங்கள், ஒரு கேபிள் கையில் இருக்கட்டும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போனால் ரிம் சூடேறும். பிடித்து விடுங்கள், மறுபடி பிடியுங்கள். முன், பின் இரண்டையும். கனமான சாமானைப் பையின் அடியில் வையுங்கள். தேங்காய் நிறைய கொண்டுபோகாதீர்கள், ஒருத்தர் எட்டுத் தேங்காயோடு கிளம்பி திருமங்கலத்தில் ஸ்போக் உடைந்து நின்ற கதை எனக்குத் தெரியும்.

ரப்பர்க்காடு:

குளத்துப்புழையிலிருந்து எழுதுறேன். மலையாளம் தெரியலையேன்னு கவலைப்படாதீங்க தம்பி. 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல சிலோன்லருந்து வந்த எங்க ஆட்களுக்காக 1970கள்ல இங்க ரப்பர் தோட்டம் போட்டாங்க. குடியிருப்புல இன்னமும் வீட்டுக்குள்ள தமிழ்தான். எங்க ஆத்தா அங்க தேயிலைக் கொழுந்து கிள்ளினவங்க, இங்க வந்து கையில கத்தியக் குடுத்து ரப்பர் பால் வெட்டச் சொன்னாங்களாம். முதல் மாசம் முழுக்க மரத்தத்தான் காயப்படுத்துனேன்னு சொல்லுவாங்க.

சாரல் அண்ணன் லாரியப் பத்தி சொன்னாரு, நான் எலையப் பத்தி சொல்றேன். மார்கழி, தையில ரப்பர் மரம் எலை உதிர்க்கும். தென்மலையிலருந்து இங்க வர்ற பத்து கிலோமீட்டர்ல எலை மெத்தையா கெடக்குற இடம் உண்டு. காலைப் பனியில நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும். வளைவுல சாஞ்சு திருப்பாதீங்க, நேரா நிமிர்ந்து மெதுவா.

ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவுல கழுதுருட்டியில பதிமூணு கண் பாலம் ரோட்டு ஓரத்துலயே நிக்கும். உங்க தாத்தா போன ரயிலு 1904லருந்து ஓடுன பாதை. 2010ல நிறுத்தி, அகலப்பாதையா மாத்தி 2018ல திரும்ப விட்டாங்க. நேரம் இருந்தா புனலூர் தொங்கு பாலம் 1877ல கட்டுனது, பாருங்க. ஆனா அதுக்குன்னு தனியா போகவர நாப்பது கிலோமீட்டருக்கு மேல மிதிக்கணும், எனக்குன்னா மாட்டேன்.

எங்க ஊர் கோயில் கடவுல, அதான் ஆத்துப் படித்துறையில, மீனுக்குப் பொரி போடுங்க. அதுங்கள யாரும் பிடிக்க மாட்டாங்க, திருமக்கள்னு சொல்லுவாங்க. மீனூட்டு நேர்ந்தா உடம்புல மரு உதிரும்னு நம்பிக்கை.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்து எழுதுகிறேன்.

வைகைக்கரை (தை பிறந்த பிறகு):

வந்துவிட்டேன். வலது முட்டியில் தோல் போனது, பிரேக் லீவர் ஒன்று வளைந்தது. மற்றபடி நலம்.

சாரல் அண்ணாச்சி சொன்ன காற்று உண்மை. ராஜபாளையத்திலிருந்து கடையநல்லூர் வரை நான் மிதித்தேனா, காற்று மிதித்ததா என்று தெரியவில்லை. செங்கோட்டையில் திருவிதாங்கூர் காலத்து வளைவின் கீழே நின்று இளநீர் குடித்தேன். 1956 வரை இது அந்தப் பக்கத்து ராஜ்யம் என்று கடைக்காரர் நேற்று நடந்தது போலச் சொன்னார். பிரானூர் பார்டரில் பரோட்டா, கோழி வாசனை. மாலை போட்டவன் அந்த ஒரு கிலோமீட்டரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்பது தனி விரதம்.

எஸ் வளைவில் நான்கு தடவை இறங்கி மண்ணில் நின்றேன். மூன்றாவது தடவை கடந்த லாரியின் பின் சக்கரம், ஒரு நிமிடம் முன்பு நான் மிதித்துக்கொண்டிருந்த அதே வெள்ளைக் கோட்டின் மேல் ஏறிப் போனது. டயரில் சிக்கிய ஜல்லி ஒன்று தெறித்து ஹேண்டில்பாரில் 'டங்' என்று பட்டது. அதன் பிறகு உறுமல் கேட்குமுன்பே இறங்க ஆரம்பித்துவிட்டேன்.

விழுந்தது அங்கே இல்லை. ரப்பர்க்காடு அண்ணன் எங்கே சொன்னாரோ அங்கே, குளத்துப்புழைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது. இலை என்று தெரியும், ஈரம் என்றும் தெரியும். எதிரே பஸ் வந்தது, கை தானாக முன் பிரேக்கைப் பிடித்துவிட்டது. பால் வெட்டிவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, "அடி பலமா மகனே" என்று தமிழில் கேட்டார். அவர் கொடுத்த துணியைத்தான் முட்டியில் கட்டியிருந்தேன். சாயங்காலம் கடவில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால், மீன்கள் பொரியை விட்டுவிட்டு அந்தக் கட்டைத்தான் முட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் எதிர்க்காற்றில் ஆரியங்காவு. கோயில் ரோட்டை விடப் பள்ளத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. சைக்கிளை மேலே டீக்கடையில் பூட்டிவிட்டு, விந்தி விந்திப் படி இறங்கினேன். எங்கள் ஆட்கள் மதுரையிலிருந்து சீர்த்தட்டோடு பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் முட்டியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "யார் வீட்டுப் பையன்?" தாத்தா பேரைச் சொன்னேன். "அவன் பேரனா? அவனும் ஒரு தடவை ரயிலை விட்டுட்டு தென்மலையிலருந்து நடந்தே வந்தான்" என்றார். வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத கதை. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. தட்டுகளில் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள், பழத்தட்டு. விந்தி நடக்கிறவனிடம் தேங்காய்த் தட்டைத் தரவில்லை.

அச்சன்கோவில் மட்டும் பாக்கி. மேக்கரை தாண்டி, 34 பல் புண்ணியத்தில் ஏற்றமும் முடிந்து, இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருந்தது. திரும்பிவிட்டேன்.

சாரல்:

லத்தி காஞ்சிருந்துச்சா, ஆவி பறந்துச்சா?

வைகைக்கரை:

பறந்துச்சு அண்ணாச்சி. மூங்கில் சத்தமும் கேட்டுச்சு.

சாரல்:

போட்டோ?

வைகைக்கரை:

எடுக்கல.

சாரல்:

அப்ப சரி. அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க, மேக்கரையிலருந்து நானும் கூட வாரேன். அந்த லீவர செங்கோட்டையிலயே மாத்தியிருக்கலாம்லா, மதுரை வரைக்கும் வளைஞ்சதோடயா போனீங்க?