பழைய சமாதிக் கல்லில் ‘பிர…’ வரைதான் தெரிகிறது, எந்த வருசம்?

செம்பனை:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் முன்பு ரப்பர், இப்போது செம்பனை போட்ட தோட்டம். அதன் சுடுகாட்டில் எங்கள் கொள்ளுத்தாத்தாவுடையது என்று சொல்லப்படும் ஒரு சிமெண்டுக் கல். காயாத சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து, அதன் மேல் பழைய சுண்ணாம்பு. பெயர்: ‘அண்’, ஒரு புரியாத வளைவு, ‘ம’, இன்னொரு வளைவு. அடுத்த வரி: ‘பிர’, பிறகு ‘ம’ மாதிரி ஒன்று, சில எழுத்து அழிவு, ஒரு சுழி, ‘மாசி’, இன்னொரு சுழி, ‘யஉ’. கீழே 193, கடைசி எண் இல்லை. கடைசி வரி ‘…ம் ஜில்லா’. பிளீச் போட்டுத் தேய்க்கலாமா? சாக்பீஸ் தடவலாமா?

லாலாங்:
இரண்டும் வேண்டாம், தம்பி. பிளீச் காய்ந்ததும் உப்பு உள்ளே தங்கும். அது படிகமாகி மேல்தோலை உரித்துத் தள்ளும். வினிகர் சிமெண்டையே தின்னும். கம்பி பிரஷ் எழுத்தின் விளிம்பை மழித்துவிடும். சாக்பீஸ் தூள் கல்லின் நுண்துளையில் புகுந்தால் வெளியே வராது. ஷேவிங் கிரீம், கோதுமை மாவு என்று இணையத்தில் சொல்வதும் இதே ரகம்தான்.

வெறும் தண்ணீர், மெத்தென்ற நைலான் பிரஷ், கீழிருந்து மேலாக. கல் பொடிந்து வந்தால் அதுவும் கூடாது.

பாசி போனதும் ஸ்பிரே பாட்டிலில் கல் முழுக்க நனைத்துவிட்டுக் காத்திருங்கள். சமதளம் முதலில் காயும், கீறல் கொஞ்ச நேரம் ஈரமாகவே கறுத்து நிற்கும். அப்போது படம் எடுங்கள். சுண்ணாம்பு தடித்துக் கிடக்கும் இடத்தில் இது எடுபடாது. அங்கே டார்ச்தான் கைகொடுக்கும்: கல்லோடு ஒட்டினாற்போல், 10 முதல் 15 டிகிரி சாய்வில். இடம், வலம், மேல், கீழ் என ஒவ்வொரு பக்கமிருந்தும் ஒரு படம், ஃபோன் அசையாமல். குறுக்குக் கோடு பக்க வெளிச்சத்தில் மறையும், மேல் வெளிச்சத்தில் எழும்பும். ஒரே படத்தை நம்பினால் ‘ப’வும் ‘ம’வும் குழம்பும். வெயிலில் டார்ச் எடுபடாது, பொழுது சாய்ந்தபின் செய்யுங்கள். கீழிருந்து வெளிச்சம் விழுந்த படத்தில் பள்ளம் மேடாகத் தெரியும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

பஞ்சாங்கம்:
பெயர் அண்ணாமலை. ‘ணா’வும் ‘லை’யும் பழைய வடிவம். ‘லை’ யானைத் தும்பிக்கை போல வளைவு போட்டது.

‘யஉ’ எழுத்தே இல்லை, தமிழ் எண்: ௰௨, அதாவது 12. ௧, ௭, ௮ இப்படித்தான் க, எ, அ என்று ஏமாற்றும். முதல் சுழி ௵, வருசம். ‘மாசி’க்குப் பின்னால் நிற்பது ௴, மாதம்.

1920, 30களில் ‘பிர’ என்று தொடங்குபவை நான்கு: பிரபவ (1927), பிரமோதூத (1930), பிரசோற்பத்தி (1931), பிரமாதி (1939). ‘ம’ இருப்பதால் இரண்டாவதும் நான்காவதும் மிச்சம். தமிழ் வருசம் சித்திரையில் பிறப்பதால் மாசி அடுத்த ஆங்கில வருசத்தில் விழும். பிரமாதி மாசி 1940 பிப்ரவரி, அப்படியானால் கல்லில் 194 என்று இருக்க வேண்டும். 193 என்றால் பிரமோதூத, 1931 பிப்ரவரி. மாசி 12 என்பது 23 அல்லது 24ஆம் தேதி. கிழமை எங்காவது கீறியிருக்கிறதா? 23 திங்கள், 24 செவ்வாய்.

ஆனால் கீறியவர் ஆங்கில வருசத்தைக் கணக்கில் தவறவிட்டிருக்கலாம். 193ஐ மட்டும் நம்பாமல் ‘ர’வுக்கும் ‘ம’வுக்கும் நடுவே கொம்பு இருக்கிறதா என்று பாருங்கள்: பிரமோதூதவின் ‘மோ’வுக்குக் கொம்பு உண்டு, பிரமாதியின் ‘மா’வுக்கு இல்லை.

செம்பனை:
மேலிருந்து டார்ச் அடித்த படத்தில் கொம்பு தெரிகிறது! கிழமை இல்லை. ஜில்லா சேலமா?

பஞ்சாங்கம்:
அவசரம் வேண்டாம், ராமநாதபுரமும் ‘ம்’மில்தான் முடியும். வரியின் இடது விளிம்பிலிருந்து ‘ம்’ வரை அளந்து, கல்லில் முழுதாக இருக்கும் எழுத்துகளின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். சேலம் மூன்று எழுத்து, ராமநாதபுரம் ஏழு. ‘தாலுகா’ என்ற சொல் வேறு வரியில் மறைந்திருக்கலாம், ஊர் அதற்குப் பக்கத்தில் இருக்கும்.

லாலாங்:
பதிவுத் துறையில் இறப்புப் பதிவு தேடினால் பெயரை ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் கேட்காதீர்கள். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்: அண்ணாமலைக்கு ஒரு ‘என்’, இரண்டு ‘என்’, கடைசியில் ‘ஏ-ஐ’, ‘ஏ-ஒய்’, எல்லாம் போட்டுப் பாருங்கள். 1931 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கேளுங்கள். பதிவு தேதியும் இறந்த தேதியும் ஒன்றாக இருக்காது.