புதுப்பிப்பு: அப்பா இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திய காரணம்

அப்பா இரத்த அழுத்த மாத்திரையை அடிக்கடி நிறுத்திவிடுகிறார் என்று முன்பு எழுதியிருந்தேன்; மறதியாக இருக்கும் என்று பலரும் சொன்னீர்கள். மறதி அல்ல. எனலாப்ரில் என்ற அந்த மாத்திரையைத் தொடங்கியபின் வந்த வறட்டு இருமல் இரவுத் தூக்கத்தைக் கெடுத்ததால், யாரிடமும் சொல்லாமல் அவரே விட்டிருக்கிறார்; தலைவலியோ மயக்கமோ வராததால், விட்டதில் கெடுதல் எதுவும் அவருக்குத் தென்படவில்லை. இந்த வகை மருந்துகளுக்கு இருமல் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு என்று விளக்கிய மருத்துவர், லோசார்டான் என்ற வேறு வகை இரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்றி, இருவேளையாக இருந்ததை ஒருவேளையாக்கினார். இருமல் படிப்படியாக நின்றது. மாத்திரை அட்டையும் ஒழுங்காகக் காலியாகிறது. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினர்தான் மருந்தை முறையாகத் தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் கூறியது. ஆகவே அவரை மட்டும் பிடிவாதக்காரர் என்பது (அம்மா இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்) நியாயமாகப் படவில்லை. இரத்த அழுத்தம் இயல்புக்கு வந்ததும் ‘குணமாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுவாரோ என்பதுதான் இப்போதைய கவலை. அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரையே அவரிடம் பேசச் சொல்லவிருக்கிறேன்.